படகு ஆட்டோபைலட்டுக்கு எந்தத் திசைகாட்டி? வேலூர்ப் பக்கத்திலிருந்து இத்துறைக்கு வருவோருக்கு ஒரு வழிகாட்டி

வேலூருக்குக் கடல் கிடையாது. பழைய வட ஆர்க்காடு மாவட்டம் முழுவதையும் சேர்த்துக்கொண்டாலும் கடற்கரை கிடையாது. ஆனாலும் இங்கிருந்து படகுக் கருவிகளின் பக்கம் வருகிறவர்கள் இருக்கிறார்கள். பாலிடெக்னிக் முடித்துவிட்டுச் சென்னையிலோ கொச்சியிலோ படகு மின்னணு வேலைக்குச் சேர்பவர்கள் ஒரு வகை. காவேரிப்பாக்கம் ஏரி போன்ற நீர்நிலையில் தானாக ஓடும் சிறு படகை விட்டு ஆழம் அளக்க நினைக்கும் மாணவர்கள் இன்னொரு வகை. இரண்டு பேரையும் மனத்தில் வைத்தே எழுதுகிறேன், ஏனென்றால் இருவருமே முதலில் மாட்டிக்கொள்ளும் இடம் திசைகாட்டிதான்.

திசைகாட்டி பற்றிய கையேடுகள் பெரும்பாலும் ஐரோப்பியக் கடல்களையும் வட அமெரிக்கக் கடல்களையும் நினைத்து எழுதப்பட்டவை. காந்தத் திசைகாட்டி அங்கே படும் தொல்லை வேறு, நம் பகுதியில் படும் தொல்லை வேறு. பூமியின் காந்தப்புலம் நமக்குப் பெரிய உதவி செய்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் கையேட்டை மட்டும் படித்தால், தேவையில்லாத கருவிக்குப் பணம் கொடுத்துவிட்டு, தேவையான வேலையை விட்டுவிடுவோம்.

முதலில்: ஆட்டோபைலட் கேட்பது என்ன?

ஆட்டோபைலட் என்பது ஒரே பெட்டி அல்ல. கட்டளை கொடுக்கும் பலகை, கணக்குப் போடும் கணினி, சுக்கானைத் திருப்பும் மோட்டார் அல்லது ஹைட்ராலிக் பம்பு, சுக்கான் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று சொல்லும் உணரி, திசைகாட்டி ஆகியவை சேர்ந்த அமைப்பு அது. திசைகாட்டி சொல்வதை நம்பியே மற்ற எல்லாம் இயங்குகின்றன. அது நடுங்கினால் சுக்கான் ஓயாமல் இடமும் வலமும் ஆடும், மோட்டார் சூடேறும், பேட்டரி வற்றும்.

புதிதாக வருகிறவர்கள் பலரும் கேட்கும் கேள்வி இது: ஜிபிஎஸ் இருக்கும்போது திசைகாட்டி எதற்கு? சாதாரண ஜிபிஎஸ் சொல்வது படகு எந்தப் பக்கம் நகர்கிறது என்பதை. படகின் அணியம், அதாவது முன்முனை, எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது அதற்குத் தெரியாது. பக்கவாட்டில் காற்று தள்ளும்போது இவை இரண்டும் வேறுவேறாகிவிடும். படகு நின்றுவிட்டால் ஜிபிஎஸ் காட்டும் திசைக்குப் பொருளே இல்லை. சுக்கானைத் திருப்ப வேண்டுமென்றால் அணியத்தின் திசைதான் வேண்டும், அதுவும் நொடிக்குப் பத்து முறை அளவுக்கு விரைவாக வேண்டும்.

பிளஸ் 1, பிளஸ் 2 இயற்பியலில் படித்த மூன்று சொற்களை இங்கே தூசி தட்டி எடுங்கள். காந்த ஒதுக்கம், அதாவது காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள கோணம், வேலூர்ப் பகுதியில் இரண்டு டிகிரிக்கும் குறைவு, மேற்குப் பக்கமாக. காந்தச் சரிவு, அதாவது புலம் கிடைத்தளத்திலிருந்து கீழ்நோக்கிச் சாயும் கோணம், இங்கே பத்துப் பன்னிரண்டு டிகிரி. புலத்தின் கிடைத்தளக் கூறு ஏறத்தாழ 40 மைக்ரோ டெஸ்லா. இங்கிலாந்தின் தென்பகுதியில் சரிவு 66 டிகிரியை ஒட்டியது, கிடைத்தளக் கூறு 20 மைக்ரோ டெஸ்லாவுக்கும் சற்றுக் குறைவு. காந்த நடுக்கோடு நம் தென்கோடியை ஒட்டிச் செல்வதே இந்த வேறுபாட்டுக்குக் காரணம். 1963இல் தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் அமைந்ததற்கும் அந்தக் கோட்டின் அருகாமைதான் காரணம். திசைகாட்டிக்குப் பயன்படுவது கிடைத்தளக் கூறு மட்டுமே, அது நம்மிடம் இரட்டிப்பாக இருக்கிறது.

வகைகள்

பழைய தட்டுத் திசைகாட்டியை, திரவத்தில் மிதக்கும் அட்டையில் டிகிரி எழுதியிருக்குமே, அதை எந்தப் படகிலிருந்தும் கழற்றாதீர்கள். மின்சாரம் போனாலும் அது வேலை செய்யும். சர்வதேசக் கடல் பாதுகாப்பு ஒப்பந்தமான சோலாஸ் எல்லா அளவுக் கப்பல்களிலும் காந்தத் திசைகாட்டியைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அதன் கிண்ணத்தின் அடியில் உணரி ஒட்டி ஆட்டோபைலட்டுக்குத் திசை கொடுக்கும் முறையும் உண்டு. இன்று புதிதாக அப்படி அமைக்க வேண்டிய தேவை இல்லை.

பல ஆண்டுகளாகப் படகு ஆட்டோபைலட்டுகளில் கோலோச்சியது ஃப்ளக்ஸ்கேட். எளிதில் காந்தமேறி எளிதில் இழக்கும் உலோகக் கலவையால் ஆன ஒரு வளையம், அதைச் சுற்றி ஒரு கம்பிச் சுருள். சுருளில் மாறுமின்னோட்டம் பாய்ந்து, நொடிக்குப் பல ஆயிரம் முறை வளையத்தை முழுமையாகக் காந்தமேற்றித் திருப்பிப் போடுகிறது. வெளியே வேறு புலம் இல்லையென்றால் வளையத்தின் இரு பாதிகளும் ஒன்றையொன்று சமன்செய்துவிடும். பூமியின் புலம் சேர்ந்தால் ஒரு பாதி முன்னதாகவே நிறைந்துவிடும், மற்றது பின்தங்கும். அந்த ஏற்றத்தாழ்வு இரண்டாவது சுருளில் இருமடங்கு அதிர்வெண்ணில் சிறு மின்னழுத்தமாகத் தெரியும். மட்டமான வளையத்தின் மேல் ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் வைத்த இரு சுருள்களில் கிடைக்கும் அளவுகளின் விகிதத்திலிருந்து திசை கிடைக்கிறது.

இதில் சிக்கல் எங்கே? வளையம் மட்டமாக இருந்தால்தான் கிடைத்தளக் கூறை மட்டும் உணரும். அதனால் அதை ஊசல் போலத் தொங்கவிட்டு எண்ணெயில் அமிழ்த்தி வைப்பார்கள். படகு வேகமாகத் திரும்பினாலோ உருண்டாலோ அந்த ஊசலும் ஆடும். வளையம் சாய்ந்ததும் புலத்தின் செங்குத்துக் கூறும் உள்ளே கலந்துவிடும். வடக்கு நோக்கிப் போகும் படகில் வளையம் பக்கவாட்டில் பத்து டிகிரி சாய்ந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். தென் இங்கிலாந்தில் திசை இருபது டிகிரிக்கு மேல் தவறும். வடக்குத் திசையில் போகும்போது ஆட்டோபைலட் பாம்பு போல நெளிகிறது என்று அவர்கள் பக்கம் பக்கமாக எழுதுவது இதனால்தான். வேலூரின் காந்தச் சரிவில் அதே சாய்வுக்கு வரும் பிழை ஏறத்தாழ இரண்டு டிகிரிதான். எனவே நல்ல நிலையில் உள்ள பழைய ஃப்ளக்ஸ்கேட் ஒன்று கையில் இருந்தால், அது பழசு என்பதற்காக மட்டும் தூக்கி எறியாதீர்கள். தமிழகக் கரையோரத்தில் அது இன்னும் ஒழுங்காக உழைக்கும்.

அடுத்தது, இப்போது பரவலாக வரும் ஒன்பது அச்சு உணரி. மூன்று அச்சில் காந்தமானி, மூன்று அச்சில் முடுக்கமானி, மூன்று அச்சில் சுழற்சி வேகத்தை அளக்கும் கைரோ. அசையும் உறுப்பு ஒன்றும் இல்லை. எவ்வளவு சாய்ந்திருக்கிறோம் என்பதை முடுக்கமானியும் கைரோவும் சொல்ல, கணக்கால் கிடைத்தளக் கூறு பிரித்தெடுக்கப்படுகிறது. கைரோவின் பெரிய பயன் இன்னொன்று: அலை தள்ளிப் படகு திரும்பத் தொடங்கிய கணத்திலேயே ஆட்டோபைலட்டுக்குத் தெரிந்துவிடும், திசை மாறிய பிறகு துரத்த வேண்டியதில்லை. புதிதாக வாங்குவதென்றால் என் பரிந்துரை இதுவே.

மாணவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. எச்எம்சி5883எல் என்ற பெயரில் விற்கும் சிறு பலகைகளில் பெரும்பாலும் இருப்பது கியூஎம்சி5883எல் என்ற வேறு சில்லு. அதன் முகவரியும் பதிவேடுகளும் வேறு என்பதால் முன்னதற்கு எழுதிய நிரல் அதில் ஓடாது. பலகை கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன், சில்லின் மேல் அச்சிட்ட எழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

செயற்கைக்கோள் திசைகாட்டி காந்தத்தைத் தொடுவதே இல்லை. ஒரே பெட்டிக்குள், அல்லது ஒரு குழாயின் இரு முனைகளில், இரண்டு ஆண்டெனாக்கள் இருக்கும். செயற்கைக்கோள் அலையின் நீளம் ஏறத்தாழ 19 சென்டிமீட்டர். அந்த அலை இரு ஆண்டெனாக்களையும் எட்டும்போது உள்ள கட்ட வேறுபாட்டை மில்லிமீட்டர் அளவுக்கு அளந்து, ஒன்று மற்றொன்றுக்கு எந்தத் திசையில் இருக்கிறது என்று கணக்கிடுகிறது. ஆண்டெனாக்களின் இடைவெளி கூடக் கூடத் துல்லியம் கூடும். கிடைப்பது உண்மை வடக்கு. படகு அசையாமல் நின்றாலும் கிடைக்கும். சுற்றிலும் இரும்பு இருந்தாலும் கவலையில்லை. ஆனால் வானம் திறந்திருக்க வேண்டும். பாலத்தின் அடியிலும் உயரமான கிரேன்களின் ஓரத்திலும் தடுமாறும். அப்போது உள்ளே இருக்கும் கைரோ சிறிது நேரம்தான் தாங்கிப் பிடிக்கும். இரட்டை அலைவரிசை ஜிபிஎஸ் ஏற்பிகள் இரண்டைச் சேர்த்து, ஆர்டுபைலட் போன்ற திறந்த மென்பொருளில் மாணவர்களே இதை அமைத்துக்கொள்ள முடியும்.

கைரோ திசைகாட்டி பெரிய கப்பல்களுக்கு உரியது. ஜெர்மனியில் அன்ஷூட்ஸ் 1908லும் அமெரிக்காவில் ஸ்பெர்ரி 1911லும் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். பூமியின் சுழற்சியைக் கொண்டே உண்மை வடக்கைப் பிடிக்கும். சுழலும் சக்கரம் கொண்டவை நிலைக்கு வரச் சில மணி நேரம் ஆகும். 500 டன்னும் அதற்கு மேலும் உள்ள கப்பல்களுக்கு சோலாஸ் இதைக் கட்டாயமாக்குகிறது. கப்பல் வேலைக்குப் போகிறவர்கள் அங்கே முறையாகப் படிப்பீர்கள், இந்த அறிமுகத்துக்கு இவ்வளவு போதும்.

தேர்ந்தெடுத்தல்

ஃபைபர் படகு, மரப் படகு என்றால் ஒன்பது அச்சு உணரி போதும். எஃகு உடல் கொண்ட விசைப்படகு என்றால் செயற்கைக்கோள் திசைகாட்டிக்குப் பணம் ஒதுக்குங்கள், அந்தச் செலவு நியாயமானது. ராடார் படத்தை வரைபடத்தின் மேல் பொருத்திப் பார்க்க வேண்டிய படகுக்கும், வேகமும் துல்லியமும் கூடிய திசைத் தகவல் வேண்டும். ஏரியில் ஓடும் ஒரு மீட்டர் நீளச் சிறு படகுக்குச் சில்லு வடிவ உணரியே போதும், ஆனால் அதை மோட்டாரின் தலைமேல் வைக்கக் கூடாது.

பொருத்தும் இடம்

இங்கே அவசரப்படாதீர்கள். கருவியின் விலையைவிட இந்த ஒரு முடிவுதான் ஆட்டோபைலட்டின் நடத்தையைத் தீர்மானிக்கிறது.

ஒரு கணக்கைப் பாருங்கள். தனியாக ஓடும் ஒரு கம்பியில் 10 ஆம்பியர் நேர்மின்னோட்டம் போகிறது. அதிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளித் திசைகாட்டி இருக்கிறது. கம்பி அங்கே உண்டாக்கும் புலம் 20 மைக்ரோ டெஸ்லா. நம்மிடம் பூமி தருவது 40. இரண்டும் செங்குத்தாக அமைந்தால் திசை 26 டிகிரிக்கு மேல் தவறிவிடும். பூமியின் புலம் பாதியாக உள்ள இங்கிலாந்தில் இதே கம்பி 45 டிகிரி தவறச் செய்யும். நம் நிலை மேல் என்றாலும், 26 டிகிரி பிழையில் எந்தப் படகும் நேரே போகாது. போகும் கம்பியையும் திரும்பும் கம்பியையும் ஒன்றோடொன்று முறுக்கி ஓட்டினால் இரு புலங்களும் ஒன்றையொன்று அழித்துவிடும். செலவில்லாத மருந்து இது. மாணவர் படகுகளில் மோட்டார் கட்டுப்பாட்டுப் பலகைக்குப் போகும் தடித்த கம்பிகளில் இதைச் செய்தே தீர வேண்டும்.

இடம் தேட ஒரு கைத் திசைகாட்டி போதும். அதை நினைத்திருக்கும் இடத்தில் பிடித்து, எல்லாப் பக்கமும் அரை மீட்டர், ஒரு மீட்டர் மெல்ல நகர்த்துங்கள். முள் அசைந்தால் பக்கத்தில் இரும்பு ஒளிந்திருக்கிறது. பிறகு முள்ளைப் பார்த்துக்கொண்டே படகின் ஒவ்வொரு கருவியையும் ஒருவரை இயக்கச் சொல்லுங்கள்: வயர்லெஸ், தண்ணீர் பம்பு, விளக்குகள், கண்ணாடி துடைப்பான், எஞ்சின். எது முள்ளைத் துள்ள வைக்கிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒலிபெருக்கியின் காந்தத்திலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி இருங்கள். மூடிய பலகைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். மறுபக்க அறையில் வலைக்கான இரும்புக் குண்டோ நங்கூரச் சங்கிலியோ கிடக்கலாம்.

ஃபைபர் படகில் சிறந்த இடம் நடுப்பகுதி, நீர்மட்டத்தை ஒட்டிய உயரம். படகு உருளும்போது அங்கேதான் அசைவு குறைவு. பாய்மரத்தின் உச்சியிலோ கூரையிலோ வைத்தால் ஒவ்வொரு உருளலிலும் உணரி பெரிய வளைவில் வீசப்படும். எஃகுப் படகில் காந்த உணரியைத்தான் வைத்தாக வேண்டும் என்றால் இந்த விதியைக் கைவிட்டு, தளத்துக்கு மேலே உயரத்தில் வையுங்கள். அங்கே அசைவைவிட இரும்பு பெரிய எதிரி. ஏரிப் படகில் 20, 30 சென்டிமீட்டர் உயர அலுமினியக் குழாயின் மேல் உணரியை வைத்து, பித்தளை அல்லது பிளாஸ்டிக் திருகால் இறுக்குங்கள்.

கரையில் சோதிப்பவர்கள் கவனிக்க வேண்டியது: கான்கிரீட் மொட்டை மாடி, இரும்புக் கால் மேஜை, நிறுத்தியிருக்கும் மோட்டார் சைக்கிள், காட்பாடி ரயில் தண்டவாள ஓரம் எதுவும் சோதனைக்கு ஏற்ற இடமல்ல. மாடியின் உள்ளே கம்பிகள் பின்னிக் கிடக்கின்றன. திருவண்ணாமலை கவுத்தி மலை போன்ற இடங்களில் பாறையிலேயே மேக்னடைட் இரும்புத் தாது இருக்கிறது. கட்டடங்களிலிருந்து தள்ளி, திறந்த மண் தரையில் சோதியுங்கள். உண்மை வடக்கைக் கண்டுபிடிக்க நம் கோயில் ஸ்தபதிகளின் முறையே போதும். செங்குத்தாக ஒரு கோலை நட்டு, அதை மையமாக வைத்து வட்டம் போடுங்கள். முற்பகலில் நிழலின் நுனி வட்டத்தைத் தொடும் புள்ளியையும் பிற்பகலில் மறுபடி தொடும் புள்ளியையும் இணைத்தால் கிழக்கு மேற்குக் கோடு. அதற்குச் செங்குத்து, வடக்கு. திசைகாட்டியின் வடக்கு அதிலிருந்து ஐந்தாறு டிகிரி விலகி நின்றால் கருவியையோ இடத்தையோ சந்தேகப்படுங்கள்.

இணைப்பு

உணரியின் மேல் உள்ள அம்புக்குறி படகின் நடுக்கோட்டுக்கு இணையாக அணியத்தைப் பார்க்க வேண்டும். சில டிகிரி தவறினால் பிறகு அமைப்பில் திருத்தலாம், கவிழ்த்துப் பொருத்திவிட்டால் திருத்த முடியாது.

படகுக் கருவிகள் ஒன்றுக்கொன்று தகவல் அனுப்பும் என்எம்இஏ 0183 என்ற பழைய இணைப்பு முறையின் வழக்கமான வேகம் நொடிக்கு 4800 பிட். ஒவ்வொரு தகவலும் ஒரு வரி எழுத்தாக, ‘வாக்கியம்’ என்ற பெயரில் போகும். நொடிக்குப் பத்து திசை வாக்கியங்களும் ஜிபிஎஸ் வாக்கியங்களும் ஒரே கம்பியில் போனால் அது நிரம்பி வழியும், திசை தாமதமாக வரும். திசைகாட்டிக்குத் தனிக் கம்பி கொடுங்கள், அல்லது 38400 வேகமுள்ள வாயிலைப் பயன்படுத்துங்கள். எச்டிஎம் என்ற வாக்கியம் காந்த வடக்கு, எச்டிடி உண்மை வடக்கு. ஆட்டோபைலட் எதை எதிர்பார்க்கிறது என்று பார்த்துக் கொடுங்கள். என்எம்இஏ 2000 முறையில் 127250 என்ற எண்ணுள்ள செய்தியாகத் திசை வரும். வலைப்பின்னலில் இரண்டு திசைகாட்டிகள் இருந்தால் எதை நம்ப வேண்டும் என்று நீங்களே தேர்ந்தெடுத்துப் பூட்டுங்கள். தானாகத் தேர்வு செய்ய விட்டால் நடுவழியில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவி, படகு திடீரென்று திரும்பக்கூடும்.

அளவுத்திருத்தம்

படகில் உள்ள இரும்பால் வரும் பிழைக்கு மாலுமிகள் டீவியேஷன் என்பார்கள். இது படகு நோக்கும் திசைக்குத் திசை மாறும். கருவி அதைக் கற்றுக்கொள்வதற்காகத்தான் வட்டம் அடிக்கிறோம்.

காற்றில்லாத காலை நேரமாகப் பாருங்கள். ஏரி என்றால் முன்னதாக நீர்வளத் துறையிடமோ ஊராட்சியிடமோ அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு தண்ணீர் நிறைந்திருக்கும் மாதங்கள் வசதியானவை. மதகு, இரும்பு வேலி, பாலம், மற்ற படகுகள் எல்லாவற்றிலிருந்தும் தள்ளிப் போங்கள். வழக்கமாக ஓடும்போது இயங்கும் கருவிகளை எல்லாம் இயக்கிவையுங்கள். நங்கூரமும் கருவிப் பெட்டியும் அவற்றின் இடத்தில் இருக்கட்டும். கருவியில் அளவுத்திருத்த நிலையைத் தேர்ந்து, ஒரு வட்டத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் ஆகும்படி மெதுவாக, சீராக, இரண்டு வட்டங்களாவது சுற்றுங்கள். வேகமாகச் சுற்றினால் கருவி ஏற்காது. முடிவில் அது கண்ட பிழையின் அளவைக் காட்டும். 15 டிகிரிக்கு மேல் என்றால் ஏற்றுக்கொள்ளாதீர்கள், வேறு இடம் தேடுங்கள். கருவி கணக்கால் சமாளித்துவிடும் என்று விட்டால், எஞ்சிய பிழை பிறகு உங்களைப் படுத்தும். சில்லு உணரி வைத்த சிறு படகைக் கையில் தூக்கி ஆறு பக்கமும் கவிழ்த்துச் சுழற்றலாம்.

அடுத்தது நேர்ப்படுத்தல். வரைபடத்தில் அடையாளம் காணக்கூடிய இரண்டு பொருள்கள், ஒரு கோபுரமும் ஒரு மலையுச்சிக் கோயிலும் என்று வைத்துக்கொள்வோம், ஒரே கோட்டில் தெரியும்படி படகை ஓட்டுங்கள். வரைபடத்தில் அந்தக் கோட்டின் திசையை அளந்து, ஒதுக்கத்தைக் கணக்கில் சேர்த்து, திசைகாட்டி காட்டுவதோடு ஒப்பிட்டு வேறுபாட்டை அமைப்பில் திருத்துங்கள். பிறகு எட்டுத் திசைகளிலும் ஓட்டிப் பார்த்து, எஞ்சிய பிழையை ஒரு தாளில் எழுதிச் சுக்கான் அருகே ஒட்டுங்கள்.

ஓட்டிப் பார்த்தல்

ஆட்டோபைலட்டை இயக்கும் பொத்தானுக்கு முன் நிறுத்தும் பொத்தானைப் பழகுங்கள். கண்ணை மூடிக்கொண்டும் கை அதில் போய் நிற்க வேண்டும். ஆட்டோபைலட்டுக்கு வலையும் தெரியாது, கட்டுமரமும் தெரியாது. ஒருவர் எப்போதும் வெளியே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

கோளாறு வந்தால், எப்போது வருகிறது என்பதிலிருந்தே காரணத்தைப் பிடிக்கலாம். எல்லாத் திசையிலும் படகு நெளிந்தால் திசைகாட்டியைக் குறை சொல்லாதீர்கள், திசை தவறும்போது சுக்கான் எவ்வளவு திரும்ப வேண்டும் என்ற அளவை அமைப்பில் குறைத்துப் பாருங்கள். சில திசைகளில் மட்டும் நெளிந்தால் அளவுத்திருத்தம் சரியில்லை. வயர்லெஸில் பேசப் பொத்தானை அழுத்தும்போது மட்டும் திரும்பினால், ஆண்டெனாக் கம்பி உணரிக்கு அருகில் போகிறது. எஞ்சின் வேகம் கூடும்போது திசை நகர்ந்தால், ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்குப் போகும் கம்பியைத் தேடுங்கள். நிறுத்தியிருக்கும்போதும் எண்கள் துள்ளினால் இணைப்பு முனையில் பச்சை படிந்திருக்கிறதா என்று பாருங்கள். உப்புக் காற்று செம்பை விடாது.

புதிய ஒலிபெருக்கி, இடம் மாறிய பேட்டரி, படகில் நடந்த வெல்டிங், அருகில் விழுந்த இடி, இவற்றில் எது நேர்ந்தாலும் மறுபடி வட்டம் அடியுங்கள். எஃகுப் படகு கரையேற்றி நீண்ட நாள் ஒரே திசையில் கிடந்து சம்மட்டி அடி வாங்கியிருந்தால் அதன் காந்தத்தன்மையே மாறியிருக்கும். நம் கரையில் திருத்திய படகு வடக்கே தொலைவான கடல்களுக்கு விற்கப்பட்டால், வாங்குபவரிடம் அங்கே போனதும் புதிதாகத் திருத்தச் சொல்லுங்கள். பூமியின் புலம் பாதியாகும் இடத்தில், படகின் நிலைக்காந்தத்தால் இங்கே நான்கு டிகிரியாக இருந்த பிழை அங்கே எட்டாகும்.